உங்கள் தீவைப் பற்றி ஒழுங்கான ஊர்க்கட்டுரை எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஏதாவது ஒன்றில் பிறந்தவர் என்றால், கொஞ்சம் எழுதத் தெரிந்தவர் என்றும் பெயர் எடுத்திருந்தால், இந்த வேலை ஒருநாள் உங்கள் தலையில் வந்து விழும். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், கனடாவிலோ பாரிஸிலோ இருக்கிற ஊர்ச்சங்கத்தின் விழா மலர், விக்கிப்பீடியாவில் ஊர்ப்பக்கம், ஏதோ ஒன்று. "நீர் எழுதுற ஆள்தானே, ஊரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாரும்" என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு எல்லோரும் செய்கிற காரியம் பழைய மலர் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் இருப்பதை முன்பின்னாக மாற்றி எழுதுவது. அந்த மலரை எழுதியவரும் அதற்கு முந்திய மலரைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். அதனால்தான் ஒரே சனத்தொகை எண் எந்த ஆண்டுக்குரியது என்ற விபரமே இல்லாமல் மலருக்கு மலர் நடந்து வருகிறது.

இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்யப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எந்த எல்லைக்குள்? எந்த ஆண்டில்? யார் சொன்னது? கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த மூன்றையும் எங்கே எப்படிக் கேட்பது என்பதுதான்.

எல்லையை முதலில் பிடியுங்கள்

வேலணையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலணை என்றால் ஊரா, பிரதேச செயலகப் பிரிவா, முழுத் தீவா? மூன்றும் வேறு வேறு. ஒரே தீவில்தான் ஊர்காவற்றுறையும் வேலணையும் அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் இருக்கின்றன, ஆனால் நிர்வாகத்தில் தீவின் ஒரு பக்கம் ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்துக்குள், மற்றப் பக்கம் வேலணைப் பிரதேச செயலகத்துக்குள். அதோடு விட்டதா என்றால் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிற புங்குடுதீவும் நயினாதீவும் மண்டைதீவும் வேலணைப் பிரிவில் சேரும், அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைப் பிரிவில் சேரும். காரைநகருக்கும் நெடுந்தீவுக்கும் தனித்தனிப் பிரிவு. ஆகவே "வேலணையின் சனத்தொகை" என்று கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வெளியிட்ட புத்தகத்தில் ஓர் எண்ணைக் கண்டால், அதற்குள் நயினாதீவுச் சனமும் இருக்கிறதா என்று பார்க்காமல் எடுத்து எழுதாதீர்கள்.

இதற்குச் சுகமான வழி கிராம அலுவலர் பிரிவு இலக்கம். நயினாதீவுக்கு ஜே/34, 35, 36 என்று மூன்று பிரிவு, நெடுந்தீவுக்கு ஜே/01 முதல் 06 வரை. உங்கள் தீவின் இலக்கங்களை விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் பிறகு எந்த அட்டவணையைத் திறந்தாலும் குழப்பம் வராது.

"ஏழு தீவுகள்" என்று எழுதும்போதும் கவனம். எந்த ஏழு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் மண்டைதீவைச் சேர்ப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். இரணைதீவு இன்றைக்குக் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. எதைச் சேர்த்தீர்கள் என்று பெயர் சொல்லி எழுதிவிடுங்கள், சண்டை வராது.

பழைய ஆவணங்களில் தேடப் போகிறவர் தீவின் மற்றப் பெயர்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களை எங்கள் தீவுகளுக்கு வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லம், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன். நெடுந்தீவுக்கு மட்டும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டது. காரைநகருக்கு முந்திய பெயர் காரைதீவு. அதைத் தேடினால் கிழக்கே அம்பாறைக் கரையிலுள்ள காரைதீவின் தகவலும் கலந்து வரும், பார்த்துப் பிரித்தெடுங்கள். இங்கே பெயர்களைத் தேடுவதற்காகத்தான் சொல்கிறேன். "இந்த ஊருக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது" என்று இரண்டு பக்கம் நிரப்பாதீர்கள், ஒரு பந்தி போதும்.

புவியியலைக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

அகலாங்கு, நெட்டாங்கு, பரப்பளவு எல்லாம் தேவைதான், ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர், நயினாதீவு 4 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்றால் வாசிக்கிறவருக்கு அளவு விளங்கிவிடும். ஆனால் தீவு வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதன் தண்ணீர்.

எங்கள் தீவுகள் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் மணலும். மலை இல்லை, ஆறு இல்லை, கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரம், அவ்வளவுதான். மாரியில், அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரை விழுகிற மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கும். நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் இப்படி நிற்கிறது. தீவின் நடுவில் இந்த நன்னீர்ப் படை தடிப்பாகவும் கரைப்பக்கம் மெல்லியதாகவும் இருக்கும். துலா (ஏற்றம்) போட்டு இறைத்த காலத்தில் கிணறு ஆறுதலாக ஊறும். பம்பு வைத்து அடித்து இறைத்தால் கீழிருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், ஏறினால் இறங்க எத்தனையோ மாரி வேண்டும். ஊர்க்கட்டுரையில் இந்த ஒரு பந்தி இருந்தால், ஏன் இந்தக் குறிச்சியில், அதாவது ஊரின் இந்தப் பகுதியில், குடியிருப்பு நெருக்கமாக இருக்கிறது, ஏன் அந்தப் பக்கம் வெறும் பனங்கூடல் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

செய்ய வேண்டியது என்னவென்றால், மழைக்கு முன் ஆவணி புரட்டாதியில், தண்ணீர் ஆகக் கீழே போயிருக்கும் காலத்தில், ஊரைச் சுற்றி வாருங்கள். நல்ல தண்ணீர்க் கிணறு, சவர்த் தண்ணீர்க் கிணறு, கைவிட்ட கிணறு என்று மூன்று நிறத்தில் ஒரு வரைபடத்தில் புள்ளி போடுங்கள். தொலைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டாலே போதும். வீட்டுக்குத் தண்ணீர் அள்ளியவர்கள் பெண்கள், ஆகவே அம்மாமார், ஆச்சிமாரிடம் கேளுங்கள். எந்தக் கிணற்றில் குடிக்க எடுத்தார்கள், எதில் உடுப்புத் தோய்த்தார்கள், எந்த ஆண்டளவில் தண்ணீர் மாறியது. இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தக் கிணற்றில் எல்லோரும் அள்ளலாமா? பதில் சொல்ல யோசிப்பார்கள். சொன்னால் எழுதுங்கள். அதுவும் ஊரின் புவியியல்தான்.

வேலணைத் தீவில் சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணீர் அயல் ஊர்களுக்கும் போனது, மண்கும்பான் அல்லைப்பிட்டி மணல் ஏன் பெறுமதியானது, அதை அள்ளினால் கிணறுகளுக்கு என்ன நடக்கும் என்பவையும் இந்த இடத்தில்தான் வரவேண்டும்.

கடலைப் பற்றி எழுதும்போது "நாற்புறமும் கடல் சூழ்ந்த" என்று தொடங்காதீர்கள், தீவு என்றாலே அதுதான். எந்தக் கரையில் எந்த மாதம் வள்ளம் இறக்கலாம் என்று எழுதுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தெற்குக் கரை கலங்கும், வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் வடக்குக் கரை, இதற்கேற்பத்தான் வாடிகளும் (கரையோர மீனவர் குடில்கள்) இறங்குதுறைகளும் அமைந்திருக்கும். ஆழமில்லாத பரவைக்கடலில் களங்கண்ணி (தடி நட்டு வலை கட்டிய மீன்பொறி), மணற்கரையில் கரைவலை, இப்போது கடலட்டைப் பண்ணை, இதில் எது உங்கள் ஊரில் எந்தக் கரையில் என்று ஒரு கடற்தொழிலாளியோடு அரை நாள் இருந்து குறித்தாலே நல்ல இரண்டு பக்கம் கிடைக்கும். கூகுள் படத்தில் களங்கண்ணிகளின் கோடுகள்கூடத் தெரியும், பாருங்கள்.

போக்குவரத்தைச் சும்மா "பஸ் வசதி உண்டு" என்று முடிக்க வேண்டாம். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவும் வேலணையும் நகரத்தோடு சேர்ந்தன, வாணர் தாம்போதியால் புங்குடுதீவு வேலணையோடு சேர்ந்தது, பொன்னாலைப் பக்கத்தால் காரைநகர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் குறிகட்டுவானில் வள்ளம் ஏறவேண்டும், முன்னதற்குக் கால் மணித்தியாலம், பின்னதற்கு ஒரு மணித்தியாலமளவில். அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற மிதவையைப் "பாதை" என்றே சொல்வோம், வெளியூர் வாசகருக்கு அதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தெரு என்று நினைப்பார்கள். தெரு வந்த தீவுக்கும் வராத தீவுக்கும் பிரசவம், ஆசிரியர் இடமாற்றம், மீன் விலை எல்லாமே வேறு. உங்கள் தீவில் அது என்ன மாற்றம் செய்தது என்பதை எழுதுங்கள்.

வரலாறு: மூன்று பெட்டி

எழுதத் தொடங்க முதலே மூன்று பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கல்லிலோ தாளிலோ இருப்பது ஒன்று. ஊர் நம்புவது ஒன்று. உயிரோடு இருப்பவர்கள் கண்டது ஒன்று. மூன்றையும் எழுதலாம், எழுதவும் வேண்டும், கலக்கத்தான் கூடாது. வெடியரசன் கோட்டையைப் பற்றி நெடுந்தீவார் சொல்லும் கதை இரண்டாவது பெட்டி. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது ஆய்வாளர் சிலருடைய கருத்து, "கருதுகிறார்கள்" என்ற சொல்லோடு எழுதினால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

முதற் பெட்டிக்கு நல்ல உதாரணமும் நயினாதீவிலேயே இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவுடையது, தமிழில் பொறித்தது. பிறநாட்டவர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்று சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இதை வாசித்து வெளியிட்டார். இந்த ஒரு கல்லை விளங்கி எழுதினால் போதும், "பண்டைக்காலம் தொட்டே வணிகத்தில் சிறந்து விளங்கிய" என்ற வரி தேவையே இல்லை.

பிறகு போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தது, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது, 1795இல் ஆங்கிலேயர் வந்தது. இவற்றைப் பாடப்புத்தகம் போல் திரும்ப எழுதவேண்டாம், உங்கள் தீவில் அவர்கள் எதை விட்டுப் போனார்கள் என்று மட்டும் பாருங்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவிலே கடற்கோட்டை நிற்கிறது, ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேறின, நெடுந்தீவில் கோட்டை இடிபாடும் புறாக்கூடும் கட்டாக்காலிக் குதிரைகளும், ஆபிரிக்காப் பக்கமிருந்து வந்த பெருக்கமரமும் இருக்கின்றன. தீவுகளில் சாயவேர் கிண்டி எடுத்துத் துணிக்குச் சாயம் போட அனுப்பினார்கள். சாயவேர் கிண்டியவர்கள் யார், அவர்களின் பிள்ளைகள் இன்று எந்தக் குறிச்சியில் இருக்கிறார்கள் என்று ஊர் மலர் ஒன்றும் கேட்காது. நீங்கள் கேளுங்கள்.

காணி விபரத்துக்கு ஒல்லாந்தர் காலத் தோம்புகள் (காணிப் பதிவேடுகள்) கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பழைய டச்சு மொழி, நீங்களாக வாசிப்பது கடினம், ஆனால் உங்கள் வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிற காணிப் பெயர்கள் பலதும் பழையவை, அதிலிருந்து தொடங்கலாம். கத்தோலிக்கக் கோயில் உள்ள ஊர் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய சொத்து. பாடசாலைச் சேர்வு இடாப்பு (பதிவேடு) அதைவிடச் சுகம், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த திகதி, விலகிய திகதி எல்லாம் ஒரே வரியில். ஆனால் தனியாள் விபரம் அது, எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். யாழ். பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது போனவை போய்விட்டன, மிச்சமாக வீடுகளில் கிடந்த பல மலர்களும் பத்திரிகைகளும் இப்போது நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் படமாக ஏறியிருக்கின்றன. உங்கள் ஊர்ப்பெயரை அங்கே ஒருமுறை தேடாமல் பேனையைத் தொடாதீர்கள்.

மூன்றாவது பெட்டி, அதாவது ஆட்களின் ஞாபகம், அவசரமானது. ஆனால் வயதானவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று நேரே கேட்டால் பதில் வராது, வந்தாலும் பிழையாக வரும். ஊருக்கே தெரிந்த சம்பவத்தில் கட்டிக் கேளுங்கள். 1964 புயலுக்கு முன்னமா பின்னமா? மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன சிறிமா (பிரதமர் சிறிமாவோ) காலத்திலா? தமிழாராய்ச்சி மாநாட்டுக்குப் பிறகா? இந்தியன் ஆமி இருந்தபோதா? இப்படி இரண்டு பக்கமும் அணை கட்டினால் ஆண்டு தானே வந்து நிற்கும். ஒருவர் சொன்னதை வேறு குறிச்சியில் இன்னொருவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

குறிச்சி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊர் மலர்களில் கோயில் தர்மகர்த்தா, அதிபர், உடையார், கொழும்பில் கடை வைத்தவர் எல்லோரும் படத்தோடு இருப்பார்கள். மீன் பிடித்தவர், கள் இறக்கியவர், பனையோலை இழைத்தவர், கூலிக்குப் போனவர் இருக்க மாட்டார்கள். ஊரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள், உங்கள் தீவில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்திருந்தால் அவர்கள் இல்லாமல் அந்தக் கட்டுரை முடியாது. ஆட்களைத் தேடிப் பிடிப்பது அப்படியொன்றும் கடினமில்லை, மனம்தான் வேண்டும்.

யுத்தகாலத்தை எழுதத் தயங்குவீர்கள். ஆனால் 1985 மே 15 குமுதினிப் பயணிகள் படகில் நடந்த கொலைகளை எழுதாமல் நெடுந்தீவின் வரலாறு இல்லை, 1990, 91இல் சனம் வெளிக்கிட்டதை எழுதாமல் எந்தத் தீவின் வரலாறும் இல்லை. திகதி, இடம், நடந்தது, அவ்வளவையும் நேராக எழுதுங்கள். இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் போடுவதானால் குடும்பத்திடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சனத்தொகை: இங்கேதான் எல்லோரும் சறுக்குவது

இலங்கையில் முழுநாட்டுக் கணக்கெடுப்பு 1871இல் தொடங்கியது, பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில், இடையிடையே தள்ளிப்போய், 1981 வரை வந்தது. 1991இல் நடக்கவே இல்லை. 2001இல் நடந்தது, ஆனால் யாழ்ப்பாணம் அதில் முழுமையாக அடங்கவில்லை. அடுத்தது 2012, அதற்கடுத்தது 2024. ஆக எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்த அந்த முப்பது வருடத்துக்கு நடுவில் ஒழுங்கான எண்ணே கிடையாது. 1981க்கும் 2012க்கும் ஒரு நேர்கோடு இழுத்து "ஆண்டுக்கு இவ்வளவு வீதம் குறைந்தது" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. குறைவு படிப்படியாக நடக்கவில்லை, சில மாதங்களுக்குள் ஊர் காலியாகி, பிறகு மெல்ல ஒரு பகுதி திரும்பியது.

இரண்டாவது பொறி எல்லை. 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 8,30,552 பேர், 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டரை இலட்சம் பேரைக் காணவில்லை என்று எழுதிவிடுவார்கள். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்ததை மறந்துவிடுவார்கள். 1981 எண்ணில் கிளிநொச்சிப் பகுதியின் 91,764 பேரைக் கழித்தால் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் அன்று இருந்தவர்கள் 7,38,788. குறைவு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். அதுவும் பெரிய எண்தான், பெருப்பிக்கத் தேவையில்லை. தீவுக்கும் இதே கணக்குத்தான்.

மூன்றாவது பொறி எண்ணும் முறை. 1981 வரை கணக்கெடுப்பு இரவில் யார் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணினார்கள், 2012இல் வழமையாக வசிக்கும் இடத்தை வைத்து எண்ணினார்கள். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் ஆட்கள் கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்திருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வீடும் பெண்சாதி பிள்ளைகளும் ஊரில், ஆள் கொழும்புக் கடையில். அவரை அன்றைக்குக் கொழும்பில் எண்ணியிருப்பார்கள். பழைய அட்டவணையில் ஆண், பெண் எண்ணிக்கையைத் தனித்தனியாகப் பாருங்கள், பெண்கள் கூடுதலாக இருந்தால் காரணம் இப்படி ஏதாவது இருக்கலாம், விசாரியுங்கள். யுத்தத்துக்கு முன்பே தீவிலிருந்து ஆட்கள் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தார்கள் என்பதும் இதில் தெரியவரும்.

வாக்காளர் இடாப்பைச் சனத்தொகையாக எடுக்காதீர்கள். அதில் பிள்ளைகள் இல்லை, வெளிநாட்டில் இருப்பவரின் பெயர் இருக்கலாம். கணக்கெடுப்பு எண் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீட்டில் கிராம அலுவலர் பிரிவு வாரியாகவே கிடைக்கும், நடப்பு எண்ணுக்கு மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேடும் பிரதேச செயலகமும். இரண்டும் பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை, எது எந்த மூலம் என்று எழுதினால் போதும்.

எண்ணோடு நிற்காமல் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் (சிறு தெருவில்) உள்ள வீடுகளை எண்ணுங்கள்: ஆட்கள் இருக்கிற வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு, கோடையில் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்து திறக்கிற வீடு, கூரை விழுந்த வீடு, கடற்படையோ வேறு ஆட்களோ இருக்கிற வீடு. ஆட்கள் இருக்கிற வீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை, பாடசாலை போகிற பிள்ளை எத்தனை. 2012இல் நெடுந்தீவு முழுவதிலும் 4,000 பேர்கூட இல்லை என்ற எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த ஒழுங்கைக் கணக்கில்தான் தெரியும். திரும்பி வந்த கதையையும் விடாதீர்கள். இரணைதீவார் 2018இல் தாங்களே வள்ளம் ஏறிப் போய்ச் சொந்தக் கரையில் இறங்கினார்கள்.

"திருவிழாவுக்கு இருபதாயிரம் பேர் வருவார்கள்" என்பதைச் சனத்தொகைப் பகுதிக்குள் போடவேண்டாம். அது வேறு கணக்கு.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்ப முதல் மூன்று பேருக்கு வாசிக்கக் கொடுங்கள்: ஊரில் இருக்கிற ஒருவர், வெளிநாட்டில் இருக்கிற ஒருவர், உங்கள் குறிச்சியைச் சேராத ஒருவர். மூன்றாமவர் சொல்லும் திருத்தம்தான் கூடுதலாக இருக்கும், முகம் சுளிக்காமல் போடுங்கள். கட்டுரையின் அடியில் எழுதிய மாதமும் ஆண்டும் கட்டாயம் வேண்டும். ஒலிப்பதிவு, கிணற்று வரைபடம், வீட்டுக் கணக்கு இவற்றை உங்கள் கணினியோடு சாகவிடாமல், பேசியவர்களின் சம்மதத்தோடு ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலைக்கும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்துவிடுங்கள், அடுத்த மலரை எழுதப்போகிறவர் தேடி அலையத் தேவையில்லை.